காற்றை விட்டால் கயிறு பறக்கும்!
அந்தமான் பட்டறையில் உருவான ஒரு வால்வின் கதை

மூன்று முறை கயிறு எறிந்தார்கள். மூன்று முறையும் அது தண்ணீரில்தான் விழுந்தது.

என் அத்தானின் டிங்கியில் எஞ்சின் நின்றுபோயிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதம். டிங்கியில் அத்தான், அவருடைய கூட்டாளி, என் அக்காள் மகன் ஆக மூன்று பேர். உதவிக்கு வந்த இன்னொரு டிங்கி முப்பது மீட்டருக்குள் நெருங்க முடியவில்லை. நெருங்கினால் அலை இரண்டையும் தூக்கி மோதவிடும். அந்தப் படகில் இருந்தவர் நல்ல கைக்காரர். ஆனால் எதிர்க்காற்றில் கயிற்றை எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? பாதி வழியில் மடங்கி விழுந்தது. கண்ணுக்கு எதிரே ஆள் நிற்கிறான், கயிறுதான் எட்டவில்லை.

இருட்டும் நேரத்தில் ஒரு பெரிய விசைப்படகு வந்து அவர்களை இழுத்துக்கொண்டு போனது. உயிருக்கு ஆபத்து இல்லை. அத்தானின் விரல் ஒன்று கயிற்றில் நசுங்கியதோடு போயிற்று. ஆனால் அக்காள் மகன் அந்த முப்பது மீட்டரை மறக்கவில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். "கயித்தைக் கையால எறியறதை விட்டு, காத்தால எறிஞ்சா என்ன மாமா?" என்று போனில் கேட்டான். எனக்கு அப்போது விளங்கவில்லை. போன லீவில் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

கப்பலில் பார்த்த கயிறு

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழியே சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஜங்கிலிகாட் மீன் துறையில் நிற்பவர்களுக்கு அது இன்னும் போர்ட் பிளேர்தான். எனக்கும் வாயில் அதுதான் வருகிறது.

ஹாடோ துறையில் கப்பல் கரை பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கப்பலைக் கட்டும் வடம் ஆள் தொடை கனம் இருக்கும். அதை யாரும் எறிய முடியாது. அதனால் முதலில் ஒரு மெல்லிய கயிறு வரும். அதன் நுனியில் பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு. மாலுமி அதைச் சுழற்றி வீசுவார். கரையில் நிற்பவர் பிடித்து இழுப்பார். மெல்லிய கயிற்றுக்குப் பின்னால் கொஞ்சம் கனமான கயிறு, அதற்குப் பின்னால் வடம். கை பழகியவர் இருபது, இருபத்தைந்து மீட்டர் வீசலாம். அதற்கு மேல் கையால் ஆகாது.

இது இன்று நேற்று வந்த கஷ்டம் அல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் மேன்பி என்ற கேப்டன், கரைக்குப் பக்கத்திலேயே கப்பல் உடைந்து ஆட்கள் சாவதைப் பார்த்து மனம் நொந்தார். சின்ன பீரங்கியில் குண்டோடு கயிற்றைக் கட்டிச் சுடலாம் என்று யோசித்தார். சுட்டால் கயிறு அறுந்தது. சங்கிலி கட்டினார், அதுவும் அறுந்தது. கடைசியில் பச்சைத் தோலைப் பின்னிக் குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைத்தார். அது தாங்கியது. 1808 பிப்ரவரியில் கிரேட் யார்மத் கரையருகே தவித்த எலிசபெத் என்ற கப்பலுக்கு அப்படிக் கயிறு அனுப்பி ஏழு பேரைக் கரை சேர்த்தார்.

இன்று சர்வதேசக் கடல் போக்குவரத்தில் உள்ள சரக்குக் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கயிறு எறியும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காற்று இல்லாத நேரத்தில் கயிறு குறைந்தது 230 மீட்டர் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெரும்பாலும் ராக்கெட் மருந்தில் பறக்கும். மருந்து இல்லாமல் அழுத்தக் காற்றில் எறியும் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அந்த விலைக்கு எங்கள் அத்தான் டிங்கியையே புதுப்பித்துவிடுவார். அவருக்கு 230 மீட்டரும் வேண்டாம். ஐம்பது மீட்டர் போனால் போதும்.

பேரேட்டில் எழுதிய பிஸ்டன்

நான் ரயில்வேயில் குமாஸ்தா. வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் சாமான் கணக்கு எழுதுகிறேன். பிஸ்டன் இத்தனை, ரப்பர் ரிங் இத்தனை, வால்வு இத்தனை என்று வருஷக்கணக்காக எழுதி வருகிறேன். ஆனால் ஒரு வால்வு ஏன் வேலை செய்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அக்காள் மகன் ஒரு சைக்கிள் பம்பைப் பிரித்துக் காட்டித்தான் எனக்குப் பாடம் தொடங்கினான்.

பம்புக்குள் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கிறது அல்லவா? கைப்பிடியை மேலே இழுக்கும்போது அதன் விளிம்பு சுருங்கி, காற்று ஓரமாகக் கீழே நழுவிப் போகும். கீழே அழுத்தும்போது விளிம்பு விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். காற்று திரும்பி வர முடியாது. ஒரே தோல்தான். பிஸ்டனும் அதுவே, வால்வும் அதுவே. பம்பு ஸ்டவ்விலும் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் இருப்பது இதேதான்.

இனிக் கயிறு எறியும் குழாய்க்கு வருவோம். ஒரு இரும்புத் தொட்டியில் காற்றை அடைக்க வேண்டும். தொட்டியோடு ஒரு குழாய். குழாய்க்குள் கயிறு கட்டிய மரக்கட்டை. நடுவில் ஒரு திறப்பு. திறந்தால் காற்று பாய்ந்து கட்டையைத் தள்ளும். கேட்க எளிது. அவன் முதலில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வைத்தான் வைத்தான். கட்டை பத்து மீட்டர் தள்ளித் தொப்பென்று விழுந்தது.

ஏன்? கையால் திருகி வால்வு முழுதும் திறப்பதற்குள் பாதிக் காற்று ஓரமாகக் கசிந்து, கட்டையை மெதுவாகத் தள்ளி வெளியே அனுப்பிவிடுகிறது. மிச்சக் காற்று சும்மா ஊதிப் போகிறது. ஒன்றரை அங்குல வாயும் கண் இமைக்கும் நேரத்தில் முழுதாகத் திறக்க வேண்டும். மனிதன் கைக்கு அந்த வேகம் கிடையாது. அதைக் காற்றே செய்துகொள்ள வேண்டும். அங்கேதான் பிஸ்டன் வால்வு வருகிறது.

விட்டால்தான் வேலை

எறியும் குழாயின் பின்முனை தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாய்க்கு நேர் எதிரே இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு பிஸ்டன். முன்முகத்தில் ரப்பர். பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காற்றைத் தொட்டியில் நேராக அடிப்பதில்லை. அந்தப் பின்னறையில் அடிக்கிறோம். காற்று பிஸ்டனை முன்னே தள்ள, அது போய்க் குழாய் வாயை மூடிக்கொள்கிறது. பிறகு சைக்கிள் பம்பில் பார்த்தது போலவே, தோல் விளிம்பின் ஓரமாக நழுவித் தொட்டிக்குள் சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் பின்னறையிலும் தொட்டியிலும் ஒரே அழுத்தம்.

"ரெண்டு பக்கமும் சமம்னா பிஸ்டன் ஏன் நகராம நிக்குது?" என்று கேட்டேன்.

"பின்னால முழு முகத்துலயும் காத்து தள்ளுது மாமா. முன்னால குழாய் வாய் இருக்கிற அளவுக்குத் தள்ள ஆள் இல்லை. அங்க வெளிக்காத்துதானே?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்கு வரும். ஒன்றரை அங்குல வாயின் பரப்பு சுமார் 11 சதுர செ.மீ. சதுர செ.மீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் என்றால், ஒரு ஆள் ஏறி நின்ற மாதிரி 45 கிலோ பலத்தில் பிஸ்டன் வாயை அழுத்திக்கொண்டு நிற்கிறது.

இப்போது பின்னறைக் காற்றை மட்டும் சட்டென்று வெளியே விட வேண்டும். தொட்டிக் காற்று திரும்பிப் போகப் பார்க்கும். தோல் விரிந்து வழியை அடைத்துவிடும். பின்னால் அழுத்தம் 4 கிலோவிலிருந்து சுமார் இரண்டரை கிலோவுக்குக் கீழே இறங்கியதும், முன்பக்கத் தள்ளல் மிஞ்சுகிறது. பிஸ்டன் அரை மயிரிழை நகர்ந்தாலும் போதும். அதுவரை மூடியிருந்த நடுப்பகுதியிலும் காற்று பாய்ந்து அறைகிறது. பிஸ்டன் படீரென்று பின்னால் ஓடுகிறது. குழாய் வாய் முழுதும் திறந்துவிட்டது!

இதைக் கேட்டதும் எனக்கு ரயில் ஞாபகம் வந்தது. அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கிறது. சங்கிலி போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. பழைய வேக்குவம் பிரேக்கில் வண்டி நெடுகக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். சிலிண்டரில் பிஸ்டனுக்கு மேலும் கீழும் வெறுமை. சங்கிலியை இழுத்தால் வெளிக்காற்று கீழ்ப்பக்கம் நுழையும். ஒரு சின்ன பந்து வால்வு அது மேல்பக்கம் போகாமல் தடுக்கும். பிஸ்டன் எழும்பும், பிரேக் பிடிக்கும். இப்போதைய ஏர் பிரேக்கில் குழாயில் 5 கிலோ அழுத்தம் நிற்கிறது. அதைக் குறைத்தால்தான் பிரேக். 1869-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதலில் செய்தது காற்றை அனுப்பிப் பிடிக்கும் பிரேக். குழாய் அறுந்தால் அது பிடிக்காது. 1872-ல் அவரே அதைத் தலைகீழாக்கினார். காற்று போனால் பிடிக்கும்படி செய்தார். அப்போது அவர் சேர்த்த வால்வும், அக்காள் மகன் கையிலிருந்த வால்வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் எனக்குப் பட்டது. ரயிலே இல்லாத தீவில் போய் ரயில் பிரேக்கைப் புரிந்துகொண்டேன்!

போர்ட் பிளேர் லாரி மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. லாரி பிரேக்கில் காற்றைச் சீக்கிரம் வெளியேற்ற 'குவிக் ரிலீஸ் வால்வு' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் பையன் யோசனையைப் பிடித்தான்.

கெட்டுப்போன நாலு பிஸ்டன்

முதல் பிஸ்டன் மரம். அந்தமானில் படாக் மரத்துக்கா பஞ்சம்? பட்டறையில் கிடந்த துண்டைக் கடைந்தான். பார்க்கச் செக்கச் செவேலென்று அழகாக இருந்ததாம். உப்புத் தண்ணீர் பட்டதும் ஊறி, குழாய்க்குள் இறுகிக்கொண்டது. சுத்தியலால் தட்டி எடுத்தார்கள்.

இரண்டாவது இரும்பு. ஊறாது, ஆனால் கனம். கனம் என்றால் மெதுவாக நகரும். நகர்ந்தபின் பின்சுவரில் மோதும் வேகமும் மோசம். ஆறாவது தடவையில் பின்மூடியின் மரை தேய்ந்து ஆடியது. அதை அன்றே கழற்றிப் போட்டுவிட்டான்.

மூன்றாவது நைலான் தடியில் கடைந்தது. இலேசானது, துருப்பிடிக்காது. முன்முகத்துக்கு ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டி ஒட்டினான். நம் வீடுகளில் எதற்குத்தான் ஹவாய் செருப்பு ரப்பரை வைக்கவில்லை! ஆனால் அது பஞ்சு போல. 45 கிலோவில் அமுங்கிக் குழாய் வாய்க்குள் பிதுங்கியது. காற்று கசிந்தது. லாரி ட்யூபின் கெட்டி ரப்பரை வைத்ததும் சரியாயிற்று.

நாலாவது ஏன் கெட்டது என்பதுதான் பாடம். எல்லாம் ஒழுங்காக இருந்தும் பின்னறையைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று நீளமாகச் சத்தம் வருமே தவிர பிஸ்டன் நகராது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. அதனால் பின்னறையில் விட்ட காற்று அளவுக்குத் தொட்டிக் காற்று ஓரமாக வந்து நிரப்பிக்கொண்டே இருந்தது. பின்னால் அழுத்தம் இறங்கவே இல்லை. தோலைத் தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போடச் சொன்னது அக்காள். பம்பு ஸ்டவ்வில் இருபது வருஷம் சமைத்தவர் அவர். அந்த வைத்தியம் அவருக்குத் தெரியும். பின்னறையையும் சிறிதாக்கி, காற்று வெளியேறும் வழியைப் பெரிதாக்கினான். சின்ன அறை, பெரிய வழி. அதற்குப் பிறகு அடம் பிடிக்கவில்லை.

பிஸ்டன் மோதும் இடத்தில் ரப்பர்க் கட்டை ஒன்றும் வைத்திருக்கிறான்.

பிளாஸ்டிக் குழாய் வேண்டாம்

இங்கே ஒன்றை நான் கண்டிப்பாக எழுத வேண்டும். இதைப் படிக்கும் பையன்கள் யாராவது கிணற்றுக்குப் போட்ட பி.வி.சி. குழாய்த் துண்டைத் தேடிக்கொண்டு எழுந்திருந்தால், உட்காருங்கள்.

அந்தக் குழாயின் மேல் இத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அது தண்ணீருக்கு. தண்ணீரை அமுக்க முடியாது. குழாய் வெடித்தால் ஒரு பீச்சு பீச்சி அடங்கிவிடும். காற்று அப்படியல்ல. அமுக்கிய காற்று இழுத்துக் கட்டிய வில். ஐந்து லிட்டர் தொட்டியில் 4 கிலோ அழுத்தக் காற்று, 50 கிலோ அரிசி மூட்டையை ஒரு மாடி உயரம் தூக்கும் அளவுக்குப் பலம் வைத்திருக்கிறது. பி.வி.சி. உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும். வெயிலில் கிடந்த குழாய் இன்னும் மோசம்.

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கியால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சிலருக்குப் பார்வையே போயிற்று. அது வாயு வெடிக்கும் குழாய், இது காற்று அடைத்த குழாய், வேறு வேறுதான். ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் குழாயைக் கையில் எடுத்த புத்தி ஒன்றுதான்.

அக்காள் மகனும் முதலில் பி.வி.சி.தான் வாங்கி வந்தான். அத்தான் அதைப் பிடுங்கி வீட்டுக் கூரைத் தண்ணீருக்குப் போட்டுவிட்டார். பிறகு பஸ்களில் ஏர் ஹாரனுக்கு வைக்கும் சின்ன இரும்புத் தொட்டி கிடைத்தது. அதையும் அப்படியே நம்பவில்லை. உள்ளே முழுக்கத் தண்ணீரை நிரப்பி, 8 கிலோ வரை ஏற்றி, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தான். வேலைக்கு வேண்டியது 4 கிலோ. தண்ணீரில் சோதித்தால், உடைந்தாலும் ஆள் பிழைப்பான். 5 கிலோவில் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றும் உண்டு.

வெல்டிங் கடைக்காரர் ஒருவர், "பம்பு எதுக்குத் தம்பி? ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து பிடிச்சுக்க" என்றாராம். நல்ல மனசுதான். ஆனால் எண்ணெய் ஊறிய தோலில் அழுத்த ஆக்சிஜன் பட்டால் தானே தீப்பிடிக்கும். பையன் அதைப் படித்திருந்தான். கால் பம்பிலேயே அடிக்கிறான்.

போர்ட் பிளேர் ராணுவம், கடற்படை எல்லாம் உள்ள ஊர். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் நின்றால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்க் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் சோதனை.

கயிறு எட்டியது

நான் போன மூன்றாம் நாள் காலை, ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் பார்த்தேன். கட்டை கால் கிலோ மரம். ரப்பர் சுற்றியது, தண்ணீரில் மிதக்கும். கயிறு மூன்று மில்லிமீட்டர் நைலான். அதைச் சுருளாகச் சுற்றி வைத்தால் சிக்கிக்கொள்ளும். பெயிண்ட் வாளிக்குள் இப்படியும் அப்படியுமாக மடித்துப் போட்டிருந்தான். மேன்பியும் கூடையில் அப்படித்தான் அடுக்கினாராம். முதல் சோதனைகளில் கயிறு கட்டையின் பக்கத்திலேயே அறுந்துகொண்டிருந்தது. லாரி ட்யூபில் வெட்டிய ரப்பர் வாரை நடுவில் கட்டியபின் அறுவதில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தோல் பின்னலைப் பற்றி அவனுக்கு நான்தான் சொன்னேன்.

முள் 4-ல் நின்றது. எங்கள் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னான். நெம்பை அழுத்தினான். துப்பாக்கி போலச் சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். 'டப்' என்று கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிறு வாளியிலிருந்து சீறிக்கொண்டு போயிற்று. பிறகு காலடியால் அளந்தோம். அறுபது மீட்டருக்கு மேல்.

மறுநாள் கடலில், இரண்டு டிங்கியை ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்தார்கள். படகை நோக்கிக் குறி வைக்கக் கூடாது. கால் கிலோ கட்டை மண்டையில் பட்டால் கயிறு வந்தும் பயனில்லை. படகுக்கு மேலே, தாண்டி விழும்படி எறிய வேண்டும். கயிறு படகின் குறுக்கே படியும். முதல் எறியைக் காற்று பக்கவாட்டில் தள்ளிவிட்டது. இரண்டாவது எறி அத்தானின் தோளில் படிந்தது. நசுங்கிய விரலோடு அதைப் பிடித்து, பின்னால் கட்டியிருந்த பெரிய கயிற்றை இழுத்து, தூணில் கட்டிவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பீடியைப் பற்ற வைத்தார்.

கயிறு இருந்தால் கடலில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 ஜனவரி 26-ல் போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் இறந்தார்கள். பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அங்கே கயிறு எறிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. உடுப்பு மிதவை வேண்டும், ஏற்றும் ஆள் கணக்கு வேண்டும். அத்தானிடமும் இதைச் சொன்னேன். டிங்கியில் மிதவை உடுப்பு இரண்டுதான் இருந்தது, ஆள் மூன்று. புறப்படும் முன் அபர்தீன் பஜாரில் மூன்றாவதை நான் வாங்கிக் கொடுத்தேன்.

கருவி இப்போது டிங்கியின் பலகைக்கு அடியில் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது. தொட்டியில் காற்று அடைத்து வைப்பதில்லை. தேவைப்படும்போது பம்பு அடிக்க நாலைந்து நிமிடம். மாதம் ஒரு முறை தோல் வாஷரைக் கழற்றி எண்ணெய் போடும் வேலையை அக்காள் எடுத்துக்கொண்டிருக்கிறார். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் அதன் பக்கத்தில் அவர் போவதில்லை.